ஊமையன் பள்ளத்தாக்கில் ஒரு சாலை விபத்து

லமார் டோல்மன் கால் ஒடிந்து விழுந்தபோது, தான் விழுந்த இடம் சாலையா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. பாறை என்று மட்டும் தெரிந்தது. அவர் மனைவி மார்வாவுக்கும் அவ்வளவுதான் தெரிந்தது. கால்டர் மாவட்டப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற ஒரு பெண்ணுக்கு அதற்கு மேல் தெரிந்திருக்க நியாயமும் இல்லை.

இருவரும் பைன் கொட்டை பொறுக்கப் போயிருந்தார்கள். செப்டம்பர் பிறந்தால் ஊமையன் பள்ளத்தாக்கின் மேட்டில் கொட்டை உதிரத் தொடங்கும். பிக்கப் வண்டியைக் கம்பிவேலி ஓரம் நிறுத்திவிட்டு, மணல் ஓடை வழியே ஒரு மணி நேரம் நடந்தார்கள். நீர் கசிகிற ஒரு வளைவில், பருத்த இலவ மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். பிறகு, அடுத்த வளைவைத் தாண்டியதும், லமார் பாறையில் கால் வைத்தார். "அந்தக் காலத்துல இதுல நான் ஆடு மாதிரி ஏறுவேன் தெரியுமா" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். ஆடு என்பதற்கும் மாதிரி என்பதற்கும் நடுவில் சறுக்கினார்.

முழங்காலுக்குக் கீழே கால் வேறொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மார்வா அவரை அக்குளில் பிடித்து இழுத்து நிழலில் சாய்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல, சொகமா இருக்கு. கேக்குறா பாரு கேள்வி."

"தண்ணி பக்கத்துல வச்சிருக்கேன். போய் ஆளுங்களக் கூட்டிட்டு வர்றேன். நகராத."

"நகர்றதா? எங்க, டான்ஸாடவா?"

போகும் முன் மார்வா வடக்கே பார்த்தாள். தலைக்கு மேலே வானம் கழுவிவிட்ட பாத்திரம்போல் பளிச்சென்று இருந்தது. ஆனால் தூரத்து மேட்டு நிலத்தின் தலையில் சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. அந்த ஊரில் தலைக்கு மேலே இருக்கிற வானத்தை யாரும் நம்புவதில்லை. அங்கே பெய்தால் இங்கே வரும். இங்கே ஒரு சொட்டு விழாமலே, சுவர்போல் எழுந்து வரும். லமார் கிடந்ததோ ஓடையின் நடுவயிற்றில்.

அவள் ஓட்டமும் நடையுமாக வெளியே வந்து, வண்டியை மேட்டில் ஏற்றி, செல்போனில் சிக்னல் கிடைத்ததும் மாவட்ட அவசர உதவியைக் கூப்பிட்டாள்.

"என் வீட்டுக்காரர் கால் ஒடிஞ்சு கெடக்காரும்மா. ஊமையன் பள்ளத்தாக்குல."

மறுமுனையில் இருந்த பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரோட்டுலயா, ரோட்டுக்கு வெளியிலயா?"

"அங்க ஏதும்மா ரோடு? ஓடைதான் இருக்கு."

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. நான் ஒருதடவ பதிஞ்சுட்டா அழிக்க முடியாது. லைன்ல இருங்க, ஆணையர்கிட்டயே குடுத்துடறேன்."

விஷயம் இதுதான். மத்திய அரசின் பாலைநிலப் பேணல் துறை, அந்தப் பள்ளத்தாக்கை வனாந்தரமாக அறிவித்துப் பாதுகாக்கலாமா என்று முப்பது வருடங்களாக ஆராய்ந்துகொண்டிருந்தது. வனாந்தரத்தில் சாலை இருக்கக்கூடாது என்பது சட்டம். சாலை இருக்கிறது, அந்த ஓடைதான் சாலை என்பது கால்டர் மாவட்டத்தின் வாதம். அடுத்த வாரம் விசாரணை. இரண்டு தரப்பும் சாட்சி தேடி அலைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் லமார் விழுந்திருந்தார்.

மாவட்ட ஆணையர் ராய்ஸ் பிளாக்பர்ன் லமாருக்கு ஒன்றுவிட்ட சகோதரர். ஒரே சபையில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்.

"சிஸ்டர் மார்வா!" என்றார். "கர்த்தர் நம்மளக் கைவிடல!"

"லமாருக்குக் கால் ஒடிஞ்சிருச்சு ராய்ஸ்."

"அதைத்தான் சொல்றேன். அந்த ரோட்டுல போக்குவரத்தே இல்லேன்னு துறைக்காரன் சாதிக்கிறான். போக்குவரத்து இல்லாத எடத்துல விபத்து எப்படி நடக்கும்? நீங்களே சொல்லுங்க."

"நாங்க நடந்துல்ல போனோம்."

"நடக்குறதும் போக்குவரத்துதான் சிஸ்டர். காலால செய்ற போக்குவரத்து."

"ஆம்புலன்ஸ் வருமா?"

"ஆம்புலன்ஸா? அதுக்கு முன்னால வேற ஒண்ணு வருது. வேலி வாசல்லயே நில்லுங்க. தலையை மட்டும் சீவிக்குங்க, பத்திரிகைக்காரங்க வருவாங்க."

முதலில் வந்தது புல்டோசர், அதன்மேல் ராய்ஸ். அது பக்கத்துப் பண்ணையில் ஒரு நல்ல காரணத்துக்காகப் பல மாதங்களாகக் காத்திருந்தது. அதன் பின்னால் கொடி கட்டிய பிக்கப்புகள். அதன் பின்னால் சபைப் பெண்கள், சீஸ் உருகிய உருளைக்கிழங்குத் தட்டுகளோடும் பச்சை நிற ஜெல்லியோடும். கால்டரில் சாவுக்கும் வெற்றிக்கும் அதே பண்டம்தான். எதற்காகக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று மார்வா கேட்கவில்லை.

துறைக்காரர்களும் தூரத்தில் இல்லை. புல்டோசரைக் கண்காணிக்க அவர்கள் அந்தப் பக்கத்துக் குன்றிலேயே கூடாரம் போட்டிருந்தார்கள். அவர்களுடைய மேலாளர் கோர்டன் விட்டேக்கர் மடிப்புக் கலையாத சீருடையில் வந்து தொப்பியைக் கழற்றினார். ஒரு கோப்பை காபியை நீட்டினார்.

"எங்க சபையில காபி குடிக்கிறதில்லீங்க" என்றாள் மார்வா.

"மன்னிக்கணும். உள்ளூர்ப் பண்பாட்டைத் துறை மதிக்குது." அதைத் தானே குடித்தார். "உங்க வருத்தத்துல நாங்களும் பங்கெடுத்துக்கறோம் மேடம். ஒரே ஒரு கேள்வி. உங்க கணவர் இப்ப கத்திட்டு இருக்காரா?"

"என்னது?"

"வலியில சத்தம் போடறாரான்னு கேக்கறேன். உள்ள தனிமையை அளக்குற கருவி வச்சிருக்கோம். வனாந்தரம்னா தனிமை இருக்கணும், அது சட்டம். போன வருஷம் முழுக்க அருமையான அளவு. இன்னிக்குக் காலையிலேர்ந்து சரியில்ல."

"கொஞ்சம் பொலம்புவாரு" என்றாள் மார்வா, மன்னிப்புக் கேட்பதுபோல. "நீங்க போய்க் கூட்டிட்டு வந்துட்டா பொலம்பல் நின்னுடும்."

"அதுக்குத்தான் ஏற்பாடு நடக்குது."

ஏற்பாடு நடந்தது. துறையின் மீட்புக் குழு ஒரு தூக்குப் படுக்கையோடு வரிசையாக நின்றது. படுக்கைக்கு அடியில் மணலில் உருட்டிப் போக ஒரு சக்கரம் இருந்தது. வனாந்தரத்தில் சக்கரம் உருளக்கூடாது என்று ஒருவர் நினைவூட்டினார். உருட்டாமல் தூக்கிப் போகலாமே என்றார் இன்னொருவர். தூக்கினாலும் சக்கரம் சக்கரம்தான் என்று முடிவாயிற்று. அதைக் கழற்ற ஸ்பேனர் தேடினார்கள். கழற்றிய பிறகு இன்னொரு சிக்கல் தெரிந்தது. பள்ளத்தாக்குக்குள் ஒரு குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் போகக்கூடாது. இவர்கள் பதின்மூன்று பேர். ஒருவரை நிறுத்த வேண்டும். தனிமையை அளக்கிறவரை நிறுத்த முடியாது, அவர்தான் குழுவின் உயிர். வரைபடக்காரர், படம் எடுப்பவர், சட்ட ஆலோசகர் எல்லாரும் தவிர்க்க முடியாதவர்கள். கடைசியில் டாக்டரை நிறுத்தினார்கள். அவர் ஜீப்பில் போய் உட்கார்ந்து ஆப்பிள் தின்றார்.

மார்வா வடக்கே பார்த்தாள். சாம்பல் மேகம் இப்போது கருநீலமாகி, மேட்டு நிலத்தின் விளிம்பைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு வெளிச்சம் சிமிட்டியது. சத்தம் வரவில்லை.

"ஹெலிகாப்டர் வராதா?" என்று கேட்டாள். "போன வருஷம் ஒரு வெளிநாட்டுப் பையனத் தூக்கிட்டுப் போச்சே."

வரும் என்றார்கள் ராய்ஸும் கோர்டனும். மாநில அரசின் ஹெலிகாப்டர் பக்கத்து ஊர் மைதானத்தில் எஞ்சின் ஓடியபடி தயாராக நின்றது. விமானி வயர்லெஸ்ஸில் கேட்டது ஒரே கேள்வி: "நிலத்துக்குப் பொறுப்பானவங்க யாரு கூப்பிடறீங்க?"

"கால்டர் மாவட்டம் பேசறேன்" என்றார் ராய்ஸ். "மாவட்டச் சாலையில விபத்து."

கோர்டன் தன் வயர்லெஸ்ஸை எடுத்தார். "அப்படி ஒரு சாலை கிடையாது. துறை கூப்பிடுது. வனாந்தர ஆய்வுப் பகுதிக்கு வாங்க. ஆனா எறங்கக்கூடாது."

"எறங்காம எப்படித் தூக்கறது சார்?"

"அதைப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்."

"எறங்கு தம்பி, ரோட்டுல தாராளமா எறங்கு!" என்றார் ராய்ஸ்.

"எறங்கினா சாலைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் கோர்டன்.

இப்படிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஜெல்லி வெயிலில் இளகியது. மார்வா இருவருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் விமானியின் குரலே வந்தது. "இங்க மேகம் கூடிருச்சு. இனிமே பறக்க முடியாது. மன்னிச்சுக்கங்க. மேட்டு நிலத்துல காட்டாற்று வெள்ள எச்சரிக்கையும் குடுத்திருக்காங்க. பாத்துக்கங்க."

"பாத்தீங்களா சிஸ்டர்" என்றார் ராய்ஸ். "ரோடு இருந்தா வானத்த நம்ப வேண்டியதில்ல."

"இயற்கை தன் முடிவைச் சொல்லிருச்சு மேடம்" என்றார் கோர்டன். "அதை நாம மதிக்கணும்."

"வெள்ளம் வருதுன்னு சொன்னானே!"

"எச்சரிக்கை மேட்டு நிலத்துக்கு. அது வேற அலுவலகம்."

மார்வாவுக்கு அழுகை வரவில்லை. "என் புருஷன் ஓடைக்குள்ள கெடக்கான்" என்றாள். சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அவளைத் தேற்றுவதற்காக இருவரும் ஆளுக்கொரு உரை நிகழ்த்தினார்கள். பத்திரிகைக்காரர் வந்திருந்தார் என்பதும் ஒரு காரணம்.

"இந்த ரோட்டுக்காக எங்க தாத்தா ரத்தம் சிந்தினாரு" என்றார் ராய்ஸ், புல்டோசரின் படிமேல் ஏறி நின்று. "இந்தப் பள்ளத்தாக்கு வழியா அவரு மாட்டு வண்டி ஓட்டினாரு."

"எந்த வருஷம் சார்?" என்று பத்திரிகைக்காரர் கேட்டார்.

"ஓட்டலை. ஓட்டியிருப்பாரு. ரோடு இருந்திருந்தா."

கோர்டன் மெதுவாகப் பேசினார். "முப்பது வருஷமா இந்த இடத்தை நாங்க கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தறோம். நான் இங்க மேலாளரா வந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட உள்ள கால் வச்சதில்ல. ஒரு மனுஷனும் கால் வைக்காம இருந்தாத்தான் மனுஷங்க வந்து அனுபவிக்க முடியும்."

கோவேறு கழுதைகளை வாடகைக்கு ஓட்டி வந்த பெண் இதையெல்லாம் கேட்டபடி ஒரு கழுதையின் வயிற்றுப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். லொரெய்ன் எட்சிட்டி என்று பெயர். அந்த ஓடை போய்ச் சேருகிற ஆற்றுக்குத் தெற்கே, நவஹோ பழங்குடி நிலத்துக்காரி. துறைக்குச் சாமான் சுமக்க வந்தவள்.

"அக்கா" என்றாள், மார்வாவைப் பார்க்காமலே. "இவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் எங்க ஊருக்கே மெதந்து வந்துடுவாரு. கழுதை ஏறத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லது. இதுக்கும் ஆள் ஏத்திப் பழக்கமில்ல. இதும் பேரு செனட்டர். அடிச்சாத்தான் நகரும். வாங்க."

"உங்களுக்குத் தொந்தரவு வராதா?"

"என்ன தொந்தரவு? இந்த நெலம் எங்களுதா உங்களுதான்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கறாங்க. அவங்க ரெண்டு பேருக்கும் முன்னால இங்க இருந்தவங்ககிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. கேக்காத எடத்துல நான் ஏன் பதில் சொல்லணும்?"

இரண்டு பெண்களும் ஒரு கழுதையும் வேலியைத் தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை. ஓடை மணலில் காலையில் மார்வாவும் லமாரும் பதித்த தடங்கள் அப்படியே இருந்தன. அவற்றுக்குக் குறுக்கே ஒரு பல்லியின் வால் கோடு. வேறு எதுவும் இல்லை. சிவந்த சுவர்கள் இருபுறமும் உயர உயர வானம் ஒரு நாடாவாகச் சுருங்கியது. அந்த நாடா இன்னும் நீலமாகவே இருந்ததை மார்வா நம்பவில்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரத்தில் ஓர் உறுமல் கேட்டு உறைந்து நின்றாள்.

"தண்ணியில்ல" என்றாள் லொரெய்ன். "பின்னால கேக்குது. புல்டோசர்."

லமார் விட்ட இடத்திலேயே இருந்தார். உதடு வெடித்திருந்தது. கால், மூட்டிலிருந்து பாதம்வரை ஒரே தடிமனாக வீங்கியிருந்தது.

"ஏன்டி இவ்வளவு நேரம்?"

"ஒன்னால ரெண்டு அரசாங்கம் வாசல்ல நிக்குதுய்யா கெழவா. எந்திரி."

அவரைக் கழுதைமேல் ஏற்றியபோது அவர் போட்ட சத்தம் அன்றைய தனிமையை அடியோடு ஒழித்திருக்கும். பிறகு மூச்சு வாங்கியபடி காதைக் கொடுத்துக் கேட்டார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. "ராய்ஸ் ரோடு போடறான் போல! செஞ்சுட்டான்டி!" லமாரின் வண்டியில் சாலைக்கு ஆதரவாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஊரில் எல்லா வண்டியிலும் ஒட்டியிருந்தது.

முதல் வளைவு திரும்பியதும் அந்தச் சாலையைப் பார்த்தார்கள். மணல் இருபுறமும் கரையாக ஒதுக்கப்பட்டு, நடுவே அகலமாக, வெட்டுக் காயம்போல் அது கிடந்தது. காலையில் ரொட்டி தின்ற இலவ மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. நீர் கசிந்த இடம் சேறாகி, அதன் மேல் டீசல் பல நிறங்களில் மினுங்கியது. புல்டோசர் நடுவில் உறுமிக்கொண்டிருந்தது. ராய்ஸ் அதன்மேல். அதற்கு முன்னால் கைகளை விரித்தபடி கோர்டன். அவருக்குப் பின்னால் பதினொரு பேர் படம் எடுத்துக்கொண்டும் அளந்துகொண்டும் இருந்தார்கள். சக்கரமில்லாத படுக்கையைச் சுமக்க மட்டும் யாருக்கும் கை ஒழியவில்லை, அது வாசலிலேயே கிடந்தது.

லமார் மரத்தைப் பார்த்தார். அந்த மலர்ச்சி முகத்தைவிட்டுப் போயிற்று.

"லமார்!" என்று கத்தினார் ராய்ஸ். "கழுதைய ரோட்டு மேலயே ஓட்டிட்டு வா! படம் எடுக்கட்டும்!"

"ஓரமா வாங்க மேடம், ஓரமா!" என்றார் கோர்டன்.

அப்போது காற்று வந்தது. குளிர்ந்த காற்று, நனைந்த மண்ணின் வாசத்தோடு, பள்ளத்தாக்கின் மேற்பகுதியிலிருந்து. செனட்டர் காதுகளை விறைப்பாக நிமிர்த்தியது. பிறகு யாரும் அடிக்காமலே எதிர்ச்சரிவை நோக்கிப் பாய்ந்தது. லமார் அதன் முதுகிலிருந்து மணலில் உருண்டார்.

"எஞ்சினை நிறுத்து!" என்று வீறிட்டாள் மார்வா. "நிறுத்துடா ராய்ஸ்!"

ஆணையரை டா போட்டு யாரும் அழைத்ததில்லை. அவர் நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் எல்லாரும் கேட்டார்கள். நூறு லாரிகள் சரளைக்கல்லை ஒரே நேரத்தில் கொட்டுகிறமாதிரி ஒரு சத்தம், தரைக்குள்ளிருந்து.

பிறகு நடந்ததை மார்வா துண்டு துண்டாகத்தான் நினைவு வைத்திருந்தாள். தலைக்கு மேலே ஒரு பாறைத் திட்டு. லொரெய்ன் முதலில் ஏறிக் கயிற்றை இறக்கினாள். மார்வா கீழிருந்து லமாரின் இடுப்பை முட்டித் தள்ளினாள். அவர் வழுக்கி வழுக்கி அவள்மேலேயே விழுந்தார். திடீரென்று அவர் எடை குறைந்தது. நிமிர்ந்து பார்த்தால், ஒரு அக்குளில் ராய்ஸ், மறு அக்குளில் கோர்டன். இருவர் முகமும் ஒரே சிவப்பு. "தூக்குய்யா!" என்றார் ராய்ஸ். "தூக்கறேன்ல!" என்றார் கோர்டன். எந்தச் சட்டப்படி தூக்குகிறோம் என்று இருவரும் கேட்கவில்லை. லமார் மேலே போனதும் நான்கு கைகள் மார்வாவின் தோளைப் பற்றி இழுத்தன. அவள் கால் பாறையைத் தொட்ட நேரத்தில் கீழே வளைவு திரும்பி அது வந்தது. முன்னால் நுரையும் மரக்கட்டைகளும், பின்னால் செங்கல் நிறத்தில் ஆள் உயரச் சுவர். புல்டோசரை அது ஒருமுறை மோந்து பார்த்ததுபோல் தயங்கியது. பிறகு பக்கவாட்டில் சாய்த்து, புரட்டி, இழுத்துக்கொண்டு போயிற்று.

திட்டில் பதினாறு பேர் ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படும்படி ஒட்டி நின்றார்கள். மாலை வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. அந்தப் பக்கத்துச் சுவரின் விளிம்பிலிருந்து அருவிகள் இறங்கத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு அங்கொன்று இங்கொன்றாக, பிறகு கண்ணுக்கு எட்டியவரை சுவர் முழுவதும் சிவப்புத் தண்ணீர் நூல் நூலாக வழிந்தது. லமார் அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தார். கால் வலி அவர் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

"மார்வா."

"ம்."

"இத இப்படியே விட்டுறலாம்டி."

தனிமை அளப்பவர் கருவியைப் பார்த்துவிட்டு மேலாளரின் காதில் சொன்னார்: "சுழியம் சார்." கோர்டன் அருவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வாயை மூடு" என்றார்.

அந்த நேரத்துக்கு எல்லாரும் நல்ல மனிதர்களாகிவிட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் அது சரியாகிவிட்டது.

விசாரணை பள்ளி விளையாட்டரங்கில் நடந்தது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நீதிபதிக்கு மேசை போட்டிருந்தார்கள். உள்ளே போகுமுன் ராய்ஸ் மார்வாவை ஓரமாக அழைத்தார். "சாலைக்கு லமார் டோல்மன் பேரையே வைக்கறோம் சிஸ்டர். தார் போட்டு, மேல ஒரு பெட்ரோல் பங்கு, ஒரு ஓட்டல். நீங்க ஒரே வார்த்தை சொன்னாப் போதும்."

அவர் போனதும் கோர்டன் வந்தார். "வனாந்தரம்னு அறிவிச்சதும் வாசல்ல தனிமை அனுபவ மையம் ஒண்ணு கட்டறோம் மேடம். பஸ்ஸெல்லாம் நிக்கிற மாதிரி வாகன நிறுத்தம், நினைவுப்பொருள் கடை. மையத்துக்கு உங்க பேரை வைக்கலாம்னு எண்ணம்."

விசாரணையில் புல்டோசர்தான் முதலில் பேசப்பட்டது. வெள்ளம் அதை வாசலுக்குப் பக்கத்தில் மணலில் புதைத்துவிட்டுப் போயிருந்தது. புகைக்குழாய் மட்டும் வெளியே நின்றது. ஓட்டுநர் இல்லாமலே ஒரு வாகனம் அவ்வளவு தூரம் வழி தவறாமல் வந்திருக்கிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட சாலையாக இருக்க வேண்டும் என்று கேட்டார் மாவட்ட வழக்கறிஞர். துறையின் வழக்கறிஞர் எழுந்தார். வனாந்தரத்தில் மனிதனின் கைவேலை கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பதே சட்டம். துறை அனுப்பிய பார்வையாளர்கள் அங்கே நின்று பார்த்தும் புல்டோசர் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒருவர் மட்டும் புகைக்குழாயில் இடறி விழுந்தார். அவரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை என்பதால் அது கணக்கில் வராது.

நீதிபதி நெற்றியைத் தடவினார். "போதும். ரெண்டு தரப்பும் உக்காருங்க. அந்த வழியா உள்ள நடந்து போய், திரும்பி வந்தவங்க இந்த அம்மா. இவங்க சொல்றத வச்சு இன்னிக்கே தீர்ப்பு சொல்லிடறேன். தீர்ப்பு வர்ற வரைக்கும் அந்த நெலத்துல ஒருத்தரும் கை வைக்கக்கூடாதுன்னு வெள்ளத்துக்கு அப்புறம் நான் போட்ட தடை இருக்கு. இன்னியோட அதுவும் முடிஞ்சுரும். சொல்லுங்கம்மா. அங்க ரோடு இருந்துச்சா, இல்லையா?"

மார்வா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரே உட்கார்ந்திருந்தது. முன் வரிசையில் லமார், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு. ஊரை மீறிப் பேசினால் சபையில் யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்று யோசித்தாள். துறைக்காகப் பேசினால் வாசலில் வந்து நிற்கப்போகும் பஸ்களை யோசித்தாள். தீர்ப்பு வருகிற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது என்று இப்போது காதில் விழுந்ததையும் யோசித்தாள்.

"கழுதையோட உள்ள போகும்போது ரோடு இல்லீங்கய்யா" என்றாள்.

கோர்டன் புன்னகைத்தார். அரங்கில் முணுமுணுப்பு எழுந்தது. ராய்ஸ் அவளை யூதாசைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"திரும்பி வரும்போது இருந்துச்சு."

ராய்ஸ் எழுந்தே நின்றுவிட்டார்.

"அப்புறம் பாறை மேல ஏறி உக்காந்து பாத்தேன். மறுபடி இல்ல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "முடிவா என்னம்மா சொல்றீங்க? இருக்கா, இல்லையா?"

"நீங்க எந்த நேரத்தைக் கேக்குறீங்களோ அதுக்குத் தகுந்த மாதிரிங்கய்யா. சத்தியம் பண்ணிருக்கேன். நடந்ததத்தானே சொல்லணும்?"

இரண்டு வழக்கறிஞர்களும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒரு சாலை சாலையாக இருப்பதற்கு எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? இல்லாமல் போன சாலை, இருந்த சாலையா, இல்லாத சாலையா? அது சாலையாக இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் வனாந்தரம் எங்கே போயிருந்தது? வாதம் மதியச் சாப்பாட்டைத் தாண்டியும் ஓடியது. கடைசியில் நீதிபதி உத்தரவிட்டார்: இதைப் புதிதாக, அடியிலிருந்து ஆராய வேண்டும். இரு தரப்பும் சேர்ந்து ஒரு குழு அமைக்கட்டும். ஆய்வு முடிகிறவரை தடை நீடிக்கும். சக்கரமோ, தாரோ, செங்கல்லோ உள்ளேயும் வாசலிலும் ஆகாது. எத்தனை காலம் ஆகும் என்று பத்திரிகைக்காரர் கேட்டதற்கு, போன ஆய்வு இதைவிட மிகவும் எளிமையானது என்று துறை பதில் சொன்னது.

வெளியே ராய்ஸ் மார்வாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நம்ம பக்கம் நின்னீங்க சிஸ்டர். மறக்க மாட்டேன்." அவர் போனதும் கோர்டன் வந்து குலுக்கினார். "துறை உங்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கு மேடம்."

லமார் ஊன்றுகோலைப் பிக்கப்பின் பின்புறம் தூக்கிப் போட்டுவிட்டு, வலியோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சிரிக்கத் தொடங்கினார்.

"வேணும்னேதான் சொன்னியா?"

"நெசத்தத்தான் சொன்னேன்."

"இந்த ஆய்வு முடியறப்ப நாம ரெண்டு பேரும் இருக்க மாட்டோமேடி."

"அவனுங்களும் இருக்க மாட்டானுங்க" என்று மார்வா வண்டியைக் கிளப்பினாள்.